புழுவெட்டில் போன புருவம்: முடி நடுவதற்கு முன்னும் பின்னும்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் புருவத்தில் முடி கொட்டினால் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது "புழுவெட்டு". உடனே சின்ன வெங்காயத்தை அரிந்து தேய்க்கச் சொல்வார்கள். சில வீடுகளில் பூண்டு, சில வீடுகளில் ஆற்றுத்தும்மட்டிக்காய். தலையில் தேய்த்தால் எரிச்சலோடு போகும். புருவத்தில் பூண்டை வைத்துத் தேய்த்தால் தோல் வெந்து கொப்புளம் போடும், சாறு கண்ணுக்குள் இறங்கும். அந்தத் தழும்பின்மேல் பின்னால் முடி நடுவதும் கடினமாகிவிடும். அதனால் இன்றைக்கே அதை நிறுத்திவிடுங்கள்.

புழு எதுவும் கடிக்கவில்லை. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, வளர்ந்துகொண்டிருக்கும் முடியின் வேரைப் பகையாக எண்ணித் தாக்குகிறது. இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் அலோபீசியா ஏரியேட்டா. வேர் சாவதில்லை, அடங்கிக் கிடக்கிறது. தாக்குதல் ஓய்ந்தால் மறுபடி முளைக்கலாம். சிகிச்சை எதுவும் இல்லாமலே ஒரு வருடத்துக்குள் முளைத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

அறுவை என்றால், பின்மண்டையிலிருந்து வேரோடு எடுத்த முடியைப் புருவத்தில் நடுவது. அந்த முடியும் உங்கள் உடம்பின் முடிதான். தாக்குதல் நடந்துகொண்டிருந்தால் புதிதாக நட்டதையும் அது விடாது. அறுவை முடியைக் கொண்டுவந்து வைக்கும், நோயை அடக்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இதிலிருந்துதான் வருகிறது.

என்ன நோய் என்று முதலில் உறுதி செய்யுங்கள்

புருவம் கொட்டுவதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றுக்கொன்று சிகிச்சை அடியோடு மாறும். காரைக்குடியிலேயே தோல் டாக்டர்கள் இருக்கிறார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் தோல் பிரிவில் காட்டலாம். போகும்போது புருவத்தில் மை, பென்சில், எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. புருவம் நன்றாக இருந்த காலத்துப் போட்டோ ஒன்றும், இப்போது மாதாமாதம் எடுத்த போட்டோக்களும் கையில் இருக்கட்டும்.

டாக்டர் டெர்மோஸ்கோப் என்ற சிறு உருப்பெருக்கியை வைத்துப் பார்ப்பார். புழுவெட்டானால் மஞ்சள் புள்ளிகள், ஒடிந்த முடியின் கரும்புள்ளிகள், அடி மெலிந்து நுனி தடித்த குட்டை முடிகள் தெரியும். கரும்புள்ளிகளும் குட்டை முடிகளும் தெரிந்தால் நோய் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றும் பொருள். தோல் பளபளவென்று வழவழப்பாகி, முடித் துவாரமே காணாமல் போயிருந்தால் கதை வேறு. அது தழும்பாக்கும் வகை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும் ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா அதில் ஒன்று. சிலருக்கு முன்நெற்றி மயிர்க்கோடு பின்வாங்குவதற்கு முன்பே புருவம் போய்விடும். "வயசாயிட்டா அப்படித்தான்" என்று நம் ஆச்சிமார்கள் விட்டுவிடுவது சில நேரம் இதுவாக இருக்கலாம். இதில் வேர் நிரந்தரமாக அழிகிறது. ஆகவே சீக்கிரம் காட்ட வேண்டியவர்கள் இவர்கள்தான். சந்தேகம் இருந்தால் 3 மில்லிமீட்டர் அளவில் தோலைத் துளைத்து எடுத்து பயாப்சி பார்ப்பார்கள். ஒரு தையலோடு முடிந்துவிடும்.

புருவத்தின் வெளிப்பக்கம் மட்டும் போயிருந்தால் தைராய்டு ரத்தப் பரிசோதனை கட்டாயம். தொழுநோயிலும் வெளிப்புருவம் போகும். உடம்பில் எங்காவது உணர்ச்சியில்லாத, நிறம் வெளுத்த படை இருக்கிறதா என்று கேட்பார்கள், கூச்சப்படாமல் காட்டுங்கள். அது முழுதும் குணமாகும் நோய், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அது தெரியாமலே புருவத்துக்கு மட்டும் அறுவை செய்துகொண்டால், நோய்க்கு மருந்து இல்லாமல் நரம்பு பாழாகும். பதற்றத்தில் புருவ முடியைத் தானே பிய்க்கும் பழக்கமும் உண்டு. பள்ளிப் பிள்ளைகளிடம் அதை அதட்டாமல் கேட்க வேண்டும்.

மருந்து முதலில்

புழுவெட்டுக்குப் புருவத்தில் போடும் ஊசி ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து. தலையில் போடுவதைவிட நீர்த்துப் போட வேண்டும். புருவத்துக்கு வழக்கமான அளவு மில்லிலிட்டருக்கு 2.5 மில்லிகிராம். 10 மில்லிகிராம் குப்பியிலிருந்து ஒரு பங்கு எடுத்து மூன்று பங்கு சலைன் (மருத்துவ உப்புநீர்) சேர்த்தால் அந்த அளவு வரும். ஒரு குத்துக்கு 0.05 முதல் 0.1 மில்லி, ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, ஒரு புருவத்துக்கு மொத்தம் ஏறக்குறைய அரை மில்லி. 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை. அளவு கூடினால் தோல் குழி விழும். கண்ணருகே போடும் ஊசி என்பதால் பழகிய கை வேண்டும், கம்பவுண்டர் போடும் ஊசி இல்லை இது. நீங்களும் இந்த எண்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும், வீட்டில் செய்து பார்க்க அல்ல. பல முறை போட்டும் ஒன்றும் முளைக்கவில்லை என்றால் அதையே தொடராமல் வேறு வழி கேளுங்கள்.

நோய் தலையிலும் பரவிக் கடுமையாக இருந்தால் ஜாக் தடுப்பான்கள் என்ற மாத்திரை வகை வந்திருக்கிறது. பாரிசிட்டினிப் மாத்திரைக்கு அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்.டி.ஏ. 2022 ஜூனில் இதற்காக அனுமதி கொடுத்தது. 2023-ல் ரிட்லெசிட்டினிப் வந்தது. புருவமும் இமை முடியும் இவற்றில் திரும்ப முளைத்தவர்கள் உண்டு. ஆனால் இவை எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் மருந்துகள். தொடங்குமுன் காசநோய் உடம்பில் ஒளிந்திருக்கிறதா, மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறதா, ரத்த அணுக்கள், கொழுப்பு எப்படி என்று பார்க்காமல் எழுதித்தரக் கூடாது. மருந்துக்கடையில் நேரே வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து.

"அடங்கிவிட்டது" என்பதை எப்படிக் கணக்கிடுவது

இந்த இடத்தில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். கொட்டுவது நின்று மூன்று மாதம் ஆனதுமே அறுவைக்குத் தேதி கேட்கிறார்கள். கண்ணாடி முன் நின்று தினமும் பென்சிலில் புருவம் வரைகிறவரிடம் பொறுங்கள் என்று சொல்வது லேசான காரியம் இல்லை. ஆனாலும் பொறுக்கத்தான் வேண்டும்.

புழுவெட்டில் புதிதாக ஓர் இடம்கூடக் கொட்டாமல் குறைந்தது ஒரு வருடம், கூடுமானால் இரண்டு வருடம் போயிருக்க வேண்டும். தலை, தாடி, இமை, கை கால் எல்லாம் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. புருவம் அமைதியாக இருந்து தாடியில் புதுவட்டம் வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. நகத்தில் ஊசி குத்தியது போல் சிறு குழிகள் புதிதாக வந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். தழும்பாக்கும் வகைக்கு இரண்டு வருடத்துக்குக் குறைந்து ஒத்துக்கொள்ளவே வேண்டாம். அதிலும் நட்ட முடி நன்றாக வந்துவிட்டுச் சில வருடங்களில் மெல்ல மெல்லக் குறைவது தெரிந்த விஷயம். அதை முன்கூட்டியே சொல்லாத டாக்டரிடம் அறுவை செய்துகொள்ளாதீர்கள்.

இன்னொரு நுணுக்கம்: மருந்தில்லாமல் அடங்கியிருப்பது வேறு, மருந்தின் பிடியில் அடங்கியிருப்பது வேறு. ஜாக் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு மறுபடி கொட்டுகிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அறுவை செய்து, முடி வளர்ந்ததும் மாத்திரையை விட்டால் நட்டதும் போகும், பழையதும் போகும். மாத்திரையில் இருப்பவர்கள், அதை எத்தனை காலம் தொடர்வது, செலவு தாங்குமா என்பதை முடிவு செய்துவிட்டு அறுவையைப் பேசுங்கள்.

அவசரம் இல்லாதவர்களுக்கு நல்ல வழி ஒன்று உண்டு: சோதனை நடவு. புருவத்தில் முற்றிலும் முடியில்லாத ஓர் இடத்தில் 10 முதல் 20 முடி மட்டும் நட்டு, 6 முதல் 9 மாதம் பார்ப்பது. அவை நிலைத்தால் முழு அறுவை. தோலைக் குத்திக் கிழிப்பதே சிலருக்கு நோயைக் கிளறிவிடும். அப்படிப்பட்டவரா நீங்கள் என்பதை 20 முடியில் தெரிந்துகொள்வது 500 முடியில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல்.

தலையிலும் உடம்பிலும் முடி முழுக்கப் போனவர்களுக்கு எடுத்து நட முடி கிடையாது. அவர்களுக்கு அறுவை வழி இல்லை. புருவத்தில் பச்சை குத்துவது போல் நிறமேற்றும் முறையோ ஒட்டும் புருவமோ உதவும். நிறமேற்றுகிறவர் ஊசியை உங்கள் கண்ணெதிரில் புது உறையிலிருந்து பிரிக்க வேண்டும். தழும்பாக்கும் வகை உள்ளவர்கள் அதற்கும் தோல் டாக்டரைக் கேட்டுவிட்டே போக வேண்டும்.

யாரிடம் செய்துகொள்வது

தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது: முடி நடும் அறுவையை முறையான அறுவைப் பயிற்சி உள்ள பிளாஸ்டிக் சர்ஜனோ, அந்தப் பயிற்சி பெற்ற தோல் மருத்துவரோதான் செய்ய வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு செய்யக் கூடாது. 2016-ல் சென்னையில் நடந்த இப்படியொரு அறுவைக்குப் பின் ஒரு மருத்துவ மாணவரே உயிரிழந்தார். மரப்பு ஊசி மருந்துக்கும் உச்ச அளவு உண்டு. லிக்னோகைன் தனியாக என்றால் உடல் எடையில் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், அட்ரினலின் கலந்தது என்றால் 7 மில்லிகிராம். அதைத் தாண்டினால் வலிப்பும் இதயக் கோளாறும் வரலாம். அழகு நிலையத்தின் மாடியில் இதைச் சமாளிக்க ஆளும் கருவியும் இருக்காது.

நம் ஊரிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ ஒரே தூரம், 90 கிலோமீட்டர் அளவில். சென்னை என்றால் பல்லவன் ரயில். எங்கே போனாலும் நேரில் கேட்க வேண்டியவை: துளையை யார் போடுவார், டாக்டரா டெக்னீஷியனா? தலைக்கு இல்லாமல் புருவத்துக்கு மட்டும் செய்து, ஒரு வருடம் கழித்து எடுத்த போட்டோ உண்டா? புழுவெட்டு உள்ளவருக்குச் செய்திருக்கிறாரா, அவருக்கு நிலைத்ததா? முழுப் புருவமா, கிராஃப்ட் (வேரோடு எடுத்து நடும் முடி) ஒன்றுக்கு இவ்வளவா, எப்படிக் கட்டணம்? இரண்டாம் முறை நிரப்ப வேண்டியிருந்தால் அதற்குத் தனிப் பணமா? "நூற்றுக்கு நூறு கியாரண்டி" என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இந்த நோயில் அந்த வார்த்தைக்கு இடமே இல்லை.

கல்யாணம் நிச்சயமானவர்கள் தேதியைப் பின்னோக்கி எண்ணுங்கள். பலன் முழுதாகத் தெரிய 10 முதல் 12 மாதம் ஆகும். தையில் முகூர்த்தம் என்றால் அதற்கு முந்தின மாசிக்குள் நடவு முடிந்திருக்க வேண்டும். மூன்று மாதத்தில் கல்யாணம் என்றால் அறுவையைத் தள்ளிவைத்து நல்ல பென்சிலும் பவுடரும் வாங்குவதுதான் சரி. இல்லாவிட்டால் நட்ட முடி உதிர்ந்து நிற்கும் மாதத்தில் மணவறையில் உட்கார வேண்டியிருக்கும்.

வடிவம் வரைவது

விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவிக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன் உட்காருங்கள். வீட்டு முற்றத்து வெளிச்சம் இதற்கு மிக நல்லது. குச்சியின் ஒரு முனையை மூக்கின் ஓரத்தில் வைத்து நேரே மேலே, கண்ணின் உள்மூலை வழியாக நிறுத்துங்கள். அது தொடும் இடம் புருவத்தின் தொடக்கம். முனையை அசைக்காமல், நேரே பார்த்தபடி, கருவிழியின் வெளி விளிம்பு வழியாகச் சாயுங்கள். அது வளைவின் உச்சி. இன்னும் சாய்த்துக் கண்ணின் வெளிமூலை வழியாகக் கொண்டுபோனால் வால் முடியும் இடம். ஆண்களுக்கு உச்சி இவ்வளவு தூக்கலாக வேண்டாம், புருவம் கிடையாக, கொஞ்சம் தடித்து இருக்கட்டும்.

அறுவை அன்று டாக்டர் இதை நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது வரைய வேண்டும். படுத்தால் நெற்றித் தோல் இழுபட்டு அளவு மாறிவிடும். வரைந்ததும் சிரித்து, முகம் சுளித்து, புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். பேசும்போது ஒரு புருவத்தைத் தூக்கும் பழக்கம் இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே மட்டமாக வரைந்தாலும் பேச்சில் ஏறுமாறாகும். திருப்தி வரும்வரை அழித்து வரையச் சொல்லுங்கள். அந்த ஐந்து நிமிடம் கூச்சப்பட்டால் ஆயுசுக்கும் சுமக்க வேண்டும்.

அறுவை அன்று

ஒரு வாரம் முன்பே மது, புகை, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரைகள் வேண்டாம். ஆஸ்பிரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்தை இதய டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் நேரம், எச்.ஐ.வி., காமாலை பி, சி பரிசோதனைகள் முன்கூட்டியே முடிந்திருக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டு, தலைவழியே கழற்ற வேண்டாத, முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையோடு போங்கள்.

முழுப் புருவமும் போனவருக்கு ஒரு பக்கத்துக்குப் பொதுவாக 200 முதல் 350 முடி தேவைப்படும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் உள்ள மெல்லிய முடியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 0.7, 0.8 மில்லிமீட்டர் துளைப்பான் கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பது எஃப்.யூ.இ. முறை. பெண்களுக்குப் பின்மண்டையில் ஒரு சின்னப் பட்டையை மட்டும் மழித்தால் போதும், மேல்முடி மூடிக்கொள்ளும். குலதெய்வத்துக்கு மொட்டை நேர்ந்திருப்பவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். மொட்டை போட்டால் எடுத்த இடத்தில் வெண்புள்ளிகள் தெரியும்.

எடுத்த முடியில் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே வேரில் வந்தால் உருப்பெருக்கியின் கீழ் ஒற்றை ஒற்றையாகப் பிரிக்க வேண்டும். பிரிக்காமல் நட்டால் பொம்மைத் தலை போல் கொத்துக் கொத்தாக நிற்கும். எடுத்தவை குளிர்ந்த சலைனில் கிடக்க வேண்டும், காய்ந்தால் செத்துவிடும்.

நடுவதில் எல்லாம் சாய்வில்தான் இருக்கிறது. புருவ முடி தோலோடு படுத்தாற்போல் 10, 15 டிகிரியில் வெளிவருகிறது. தலைமுடி போல் நிமிர்த்தி நட்டுவிட்டால் பிரஷ் போல் முன்னால் குத்திக்கொண்டு நிற்கும். பின்னால் திருத்துவது பெரும்பாடு. திசையும் இடத்துக்கு இடம் மாறும். மூக்குப் பக்கத்துத் தொடக்கத்தில் மேல்நோக்கி, நடுப்பகுதியில் கீழ்வரிசை மேல்நோக்கியும் மேல்வரிசை கீழ்நோக்கியும் வெளிப்பக்கம் சாய்ந்து, முதுகெலும்பில் மீன்முள் கூடுவது போல் நடுவில் சேர வேண்டும். வாலில் காதை நோக்கி. முடிக்கு இயல்பான ஒரு வில் வளைவு உண்டு. வளைவின் உட்பக்கம் தோலைப் பார்த்து இருக்கும்படி ஒவ்வொன்றையும் திருப்பி நட வேண்டும். ஒரு முடியைப் பிடுங்கி நனைத்து உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள், அந்த வில் தெரியும். இதனால்தான் 500 முடிக்கு நான்கைந்து மணி நேரம் ஆகிறது. "ஒரு மணியில் முடித்துவிடலாம்" என்பது நல்ல செய்தி அல்ல.

முதல் பத்து நாள்

அன்றே ஊருக்குத் திரும்ப வேண்டாம், ஓர் இரவு அங்கேயே தங்குங்கள். பஸ்ஸில் தூங்கி முன்சீட்டுக் கம்பியில் நெற்றி மோதினால் ஒரே இடியில் பத்து இருபது முடி பெயர்ந்துவிடும். ரயிலில் ஜன்னலோரம் தூசிக் காற்றில் உட்காராதீர்கள்.

மூன்று இரவு தலையணை இரண்டு மூன்று அடுக்கிச் சாய்ந்து, மல்லாந்தே தூங்க வேண்டும். இரண்டாம், மூன்றாம் நாளில் இமை வீங்கும், சிலருக்குக் கண்ணைச் சுற்றிக் கறுக்கும். பயப்பட வேண்டாம், வாரத்துக்குள் வடியும். வலி கூடிக்கொண்டே போவது, சீழ், காய்ச்சல், பார்வை மங்கல் இவற்றில் எது வந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள்.

முதல் இரண்டு நாள் தண்ணீர் படாமல், கொடுத்த சலைனை மட்டும் பீய்ச்சுங்கள். மூன்றாம் நாளிலிருந்து குழந்தை ஷாம்பு நுரையை விரலால் ஒற்றி, கப்பில் தண்ணீரை மெதுவாக விட்டுக் கழுவலாம். ஷவர் வேண்டாம். பொருக்கு ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தானே உதிரும். பிய்த்தால் முடியும் கூட வரும்.

பத்து நாள் ஹெல்மெட் போட முடியாது, ஆகவே பைக் ஓட்டவும் முடியாது. நெற்றியில் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம் புருவத்தைத் தொடாமல் நடுவில் மட்டும். வியர்வை ஒழுகும் வேலை, அடுப்படி ஆவி, வெயில் தவிர்க்கவும். மாசி பங்குனியில் காரைக்குடி முத்துமாரியம்மனுக்குப் பால்குடம், தீச்சட்டி நேர்ந்திருப்பவர்கள் நேர்த்தியை முடித்துவிட்டு அறுவைக்குப் போங்கள். வெயிலும் வியர்வையும் தீயின் அனலும் புது நடவுக்கு ஆகாது.

அப்புறம் வரும் மாதங்கள்

இரண்டாம் வாரத்திலிருந்து நட்ட முடி கொட்டும். நோய் திரும்பிவிட்டதோ என்று பதறிப் போவீர்கள். வேர் உள்ளே இருக்கும், மேல்தண்டு மட்டும் உதிர்கிறது. மூன்றாம், நான்காம் மாதத்தில் மெல்லிசாக முளைக்கும். அதற்குப் பின் மாதாமாதம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். முளைத்து நின்ற முடி ஐந்தாறு மாதத்துக்குப் பின் வட்டமாகக் கொட்டினாலோ, அரிப்பும் சிவப்பும் வந்தாலோ அது நோய். அறுவை டாக்டரைவிட முதலில் தோல் டாக்டரைப் பாருங்கள். சீக்கிரம் பிடித்தால் ஊசியில் மீட்க வாய்ப்பு உண்டு. சிறு பரு போல் ஒன்றிரண்டு வந்தால் முடி உள்ளேயே சுருண்டிருக்கும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றுங்கள், கிள்ளாதீர்கள்.

நட்ட முடி பிறந்த இடத்தின் குணத்தை விடாது. இதை 1959-ல் நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரன்ட்ரைக் எழுதிக் காட்டினார். பின்மண்டை முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், புருவத்துக்கு வந்தாலும் அப்படியே வளரும். ஆகவே வாரம் ஒருமுறை, அதிகம் போனால் பத்து நாளுக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முனை மழுங்கிய சின்னக் கத்தரியும் புருவச் சீப்பும் வாங்கிக்கொள்ளுங்கள். முடியை அது சாயும் திசைக்கே சீவி, கோட்டுக்கு வெளியே நீள்வதை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். அழகு நிலையத்தில் நூல் வைத்துப் பிடுங்கவே கூடாது. தலை நரைக்கும்போது இதுவும் நரைக்கும். சாயம் பூச நினைத்தால் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூசுங்கள்.